ஆமையைக் கண்டார்கள், ஐந்து சென்டைக் காணோம்!

பழம் பறிக்கும் தொழிலாளி ஒருவன் பெட்டிக்கு ஐந்து சென்ட் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்கிறான். இரவு நேரத்தில், ஓடைக் கரையில், பிக்காசுக் கட்டையால் மண்டையில் அடித்து அவனைக் கொன்றுவிடுகிறார்கள்.

இந்தக் கதையைப் படித்து முடித்த பிள்ளையிடம் நீங்கள் என்ன கேட்பீர்கள்? ‘ஏன் கொன்றார்கள்? யாருக்காகக் கொன்றார்கள்? அதன் பிறகு கூலி என்ன ஆயிற்று?’ என்றுதானே கேட்பீர்கள்!

அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் கேட்கிற கேள்வி வேறு. ‘இந்த நாவலில் வரும் ஆமை எதன் சின்னம்? ஆராய்ந்து ஐந்து பாராவில் ஒரு கட்டுரை வரைக.’

கேலிக்காகச் சொல்லவில்லை. ஜான் ஸ்டைன்பெக் எழுதி 1939ம் வருஷம் வெளிவந்த ‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’, அதாவது ‘கோபத்தின் திராட்சைகள்’ என்ற நாவலுக்கு அந்நாட்டு ஆங்கில வகுப்புகளில் நேர்ந்த கதி இதுதான். பல தலைமுறையாக மாணவர்கள் இந்த நாவலைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறார்கள். ஆமையைப் பற்றி எழுதுகிறார்கள். பைபிளைப் பற்றி எழுதுகிறார்கள். ‘மனித ஆன்மாவின் விடாமுயற்சி’யைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எழுதி மார்க்கும் வாங்குகிறார்கள். ஐந்து சென்ட் மட்டும் எங்கேயோ போய்விடுகிறது.

எங்கே போயிற்று? அதைத்தான் தேடப் போகிறோம்.

கதை என்ன?

தோழர்களே, இந்தக் கதை உங்களுக்குப் புதிதல்ல. ஊர் பெயர்தான் புதிது.

ஒக்லஹோமா மாகாணத்தில் ஜோட் என்றொரு குத்தகை விவசாயக் குடும்பம். 1930களில் மழை பொய்த்தது. மண் புழுதியாகப் பறந்தது. பருத்தி விளையவில்லை. பாங்கிக்காரர் வந்தார். ‘நிலத்தை விட்டு வெளியேறுங்கள்’ என்றார். ‘எங்கள் பாட்டன் உழுத நிலம்’ என்றார்கள் விவசாயிகள். ‘நான் என்ன செய்ய? பாங்கி சொல்கிறது’ என்றார் வந்தவர்.

பிறகு டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தவன் அன்னியன் அல்ல, அண்டை வீட்டுக்காரனின் மகன். தினம் மூன்று டாலர் கூலி. அந்த மூன்று டாலருக்காக அவன் தன் சொந்த ஜனங்களின் வீட்டையே இடித்துத் தள்ளுகிறான். ‘உன்னைச் சுட்டுவிடுவேன்’ என்கிறான் குத்தகைக்காரன். ‘சுட்டால் நாளைக்கு வேறொருவன் வருவான்’ என்கிறான் டிராக்டர்காரன். அப்படியானால் யாரைச் சுடுவது? உத்தரவு போட்ட மானேஜரையா? அவருக்கும் மேலே ஒருவர். அவருக்கும் மேலே கிழக்குக் கடற்கரையில் இன்னும் பெரியவர்கள். கொள்ளையடித்தவனுக்கு முகம் இல்லை, விலாசம் இல்லை! ஓர் ஏழை விவசாயி தன் எதிரி யார் என்று தேடித் தவிக்கும் அந்தக் கட்டம் நாவலின் ஐந்தாம் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது.

அடுத்தது நோட்டீஸ். ‘கலிபோர்னியாவில் பழம் பறிக்க ஆள் தேவை, நல்ல கூலி’ என்று அச்சடித்த காகிதம். அதை நம்பி ஜோட் குடும்பம் ஒரு பழைய லாரியில் மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு மேற்கே புறப்படுகிறது. வழியிலேயே கிழவர் போகிறார், பிறகு கிழவியும் போகிறாள்.

வழியில் ஒரு முகாம். அங்கே கந்தல் உடுத்த ஒரு மனிதன் எதிர்த் திசையில், ஊர் திரும்புகிறான். அவன் அந்த நோட்டீசின் சூட்சுமத்தை அவிழ்க்கிறான். மேஸ்திரிக்கு வேண்டியது 800 பேர். ஆனால் அவன் அடிப்பது 5,000 நோட்டீஸ். பார்ப்பவர்கள் 20,000 பேர் இருக்கலாம். இரண்டாயிரம், மூவாயிரம் பேர் வந்து குவிவார்கள். பசித்த குழந்தை உள்ளவன் எந்தக் கூலிக்கும் சம்மதிப்பான். அவனைக் காட்டி அடுத்தவன் கூலியைக் குறைப்பார்கள்.

மில் கேட்டில் பதிலி வேலைக்காகக் காலையில் போய் நிற்கிற தோழருக்கு இதை விளக்க வேண்டுமா? அறுப்புக்கு வெளியூர் ஆளை இறக்குவேன் என்று மிரட்டப்பட்ட தோழருக்கு விளக்க வேண்டுமா? இதைப் புரிந்துகொள்ள எந்தச் சின்னமும் தேவையில்லை. வயிறு ஒன்று போதும்.

அந்தக் கந்தல் மனிதன் இன்னொன்றும் சொல்கிறான். அவன் மனைவி இறந்துவிட்டாள். இரண்டு குழந்தைகளும் இறந்துவிட்டன. பட்டினிச் சாவு. ஆனால் சாவை விசாரிக்க வந்த அதிகாரி தன் காகிதத்தில் எழுதியது என்ன? ‘இருதயம் நின்றதால் மரணம்’ என்று எழுதினான்!

இந்த அதிகாரியின் காகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் இந்த இடத்துக்கு வருவோம்.

பெட்டிக்கு ஐந்து சென்ட்

கலிபோர்னியா வந்தாயிற்று. வேலை இல்லை. கடைசியில் ஒரு பீச் பழப் பண்ணையில் வேலை கிடைக்கிறது. போலீஸ்காரர்கள் மோட்டார் சைக்கிளில் முன்னும் பின்னும் வந்து அழைத்துப் போகிறார்கள். வாசலில் ஏதோ கூச்சல். என்ன என்று இவர்களுக்குத் தெரியாது.

பெட்டிக்கு ஐந்து சென்ட். பழம் நசுங்கியிருந்தால் அந்தப் பெட்டி கணக்கில் சேராது. நூறு சென்ட் ஒரு டாலர். ஆக, ஒரு டாலருக்கு இருபது பெட்டி. ஆண், பெண், குழந்தை என்று மொத்தக் குடும்பமும் முதுகொடிந்து அன்று சம்பாதித்தது அந்த ஒரு டாலர். அதையும் பண்ணைக் கடையிலேயே செலவழித்தாக வேண்டும். அங்கே டவுனைவிட விலை அதிகம். டவுனுக்குப் போய் வாங்கலாம் என்றால் பெட்ரோலுக்குக் காசு வேண்டும். தாய் கொஞ்சம் இறைச்சி வாங்குகிறாள், ரொட்டி வாங்குகிறாள், டாலர் தீர்ந்துவிடுகிறது. காப்பிக்குச் சர்க்கரை இல்லை. கடைச் சிப்பந்தியின் மனம் இளகுகிறது. தன் சொந்தப் பையிலிருந்து பத்து சென்டை எடுத்துக் கல்லாவில் போட்டு அவளுக்குச் சர்க்கரை தருகிறான். கஷ்டம் வந்தால் ஏழைகளிடம்தான் போக வேண்டும், உதவுகிறவர்கள் அவர்கள் மட்டும்தான் என்று அந்தத் தாய் அப்போது உணர்கிறாள்.

அன்று இரவு மகன் டாம் வேலிக்கு வெளியே போகிறான். அங்கே கூடாரத்தில் இருப்பவன் ஜிம் கேஸி, முன்னாள் பாதிரியார், இப்போது வேலைநிறுத்தத் தலைவன். உண்மை அப்போதுதான் வெளிப்படுகிறது. கேஸியும் அவன் தோழர்களும் ஐந்து சென்ட் என்று சொல்லி அழைத்து வரப்பட்டவர்கள். வந்த பிறகு இரண்டரை சென்ட் என்றார்கள். மறுத்து வெளியேறினார்கள். அதனால்தான் உள்ளே இருப்பவர்களுக்கு ஐந்து சென்ட்! வேலைநிறுத்தம் உடைந்த மறுநாள் உங்களுக்கும் இரண்டரைதான் என்று கேஸி எச்சரிக்கிறான்.

சற்று நேரத்தில் அடியாட்கள் வருகிறார்கள். கேஸி கொல்லப்படுகிறான். கூலி இரண்டரை சென்டாக இறங்குகிறது.

நாவலின் நடு முதுகெலும்பு இது. இதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் லாரிப் பயணம்தான்.

முதலில் நெருப்பு வைத்தார்கள்

பண்ணை முதலாளிகள் ஆங்கில வகுப்பில் படித்த மாணவர்கள் அல்ல. ஆகவே இந்த நாவல் எதைப் பற்றியது என்று அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது!

நாவல் வெளிவந்தது 1939 ஏப்ரலில். அந்த வருஷம் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற நாவல் அதுதான். ஆகஸ்ட் மாதம், கதை நடக்கும் கலிபோர்னியாவின் கெர்ன் ஜில்லா நிர்வாகக் குழு கூடியது. ஜில்லாவின் நூல்நிலையங்களிலும் பள்ளிகளிலும் இந்தப் புத்தகம் இருக்கக் கூடாது என்று நான்குக்கு ஒன்று என்ற வாக்கில் தீர்மானம் போட்டது. காரணம்? ஆபாசமாம்! ஜில்லாவின் பெயருக்குக் களங்கமாம்! குழந்தைகள் பட்டினி கிடந்தால் களங்கமில்லை. பட்டினி என்று அச்சடித்தால் களங்கம்!

ஜில்லா நூல்நிலையத் தலைவி கிரெட்சன் நீஃப் என்ற பெண்மணி, புத்தகத்தைத் தடை செய்யலாம், அதிலுள்ள கருத்துகளைத் தடை செய்ய முடியாது என்ற பொருள்பட நிர்வாகக் குழுவுக்குத் துணிந்து கடிதம் எழுதினார். ஆனால் தடை 1941 ஜனவரி வரை நீடித்தது.

தலைநகரான பேக்கர்ஸ்ஃபீல்டில் பண்ணை முதலாளிகளின் சங்கத்தார் இந்தப் புத்தகத்துக்கு நெருப்பு வைத்தார்கள். தங்கள் கையாலா வைத்தார்கள்? இல்லை. ஒரு பண்ணைத் தொழிலாளியின் கையில் புத்தகத்தைக் கொடுத்து, அவரைக் கொளுத்தச் சொல்லி, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தொழிலாளி அதுவரை அந்தப் புத்தகத்தைப் படித்ததே இல்லை! டிராக்டர் ஓட்டிய பையனின் கதைதான் மறுபடியும். உழைப்பாளி கையை வைத்தே உழைப்பாளி வீட்டை இடிப்பது.

ஆனால் நெருப்பு பலிக்கவில்லை. 1940ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே வருஷம் திரைப்படமும் வந்தது. 1962ல் ஆசிரியருக்கு நோபல் பரிசே கிடைத்துவிட்டது. இனி எப்படிக் கொளுத்துவது? மரியாதை செய்ய வேண்டியதாயிற்று. பாடப் புத்தகமாக்கினார்கள்.

பிறகு மார்க்குப் போட்டார்கள்

இங்கேதான் ஆராய்ச்சிக் கட்டுரை மேடைக்கு வருகிறது.

அதற்கு ஓர் அச்சு உண்டு. ஐந்து பாரா. முதல் பாராவில் ‘நான் நிறுவப்போவது இது’ என்று ஒரு வாக்கியம். அடுத்த மூன்று பாராவில் மூன்று சான்று. ஐந்தாம் பாராவில் முதல் பாராவையே திருப்பிச் சொல்வது. ‘நான்’ என்று எழுதாதே என்பார்கள். உன் வீட்டுக் கதையைக் கொண்டுவராதே, புத்தகத்துக்கு வெளியே போகாதே என்பார்கள். செங்கல் அச்சு மாதிரி. எந்த மண்ணைப் போட்டாலும் ஒரே செங்கல்!

இந்த அச்சில் நமது நாவலைப் போட்டால் என்ன வரும்?

மூன்றாம் அத்தியாயத்தில் ஓர் ஆமை ரோட்டைக் கடக்கிறது. காரில் வந்த ஒரு பெண் வண்டியை ஒடித்து ஆமையைக் காப்பாற்றுகிறாள். லாரியில் வந்த ஒருவன் வேண்டுமென்றே அதன் மேல் ஏற்றப் பார்க்கிறான். ஆமை புரண்டு விழுந்து, மெல்லத் திரும்பி, மறுபடி நடக்கிறது. ஓட்டில் ஒட்டியிருந்த ஒரு கதிரின் விதைகள் மண்ணில் விழுகின்றன. ‘ஆமை விடாமுயற்சியின் சின்னம்’ என்று மாணவன் எழுதுகிறான். மார்க்கு!

ஜிம் கேஸியின் ஆங்கிலப் பெயரில் முதல் எழுத்துகள் இரண்டும் ஏசு கிறிஸ்துவின் முதல் எழுத்துகள். ‘கேஸி ஏசுவின் சின்னம்’ என்று எழுதுகிறான். மார்க்கு!

குடும்பம் மேற்கே போகிறது. பைபிளில் இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் போனார்கள். ‘பயணம் யாத்திரையின் சின்னம்’ என்று எழுதுகிறான். அதற்கும் மார்க்கு!

கேஸியைக் கொன்றது யார் என்று கேட்டால், ‘தியாகம்’ என்று பதில் வருகிறது. குழந்தைகள் எதனால் செத்தன என்று கேட்டால், ‘மனித வாழ்வின் துயரம்’ என்று பதில் வருகிறது. அந்த அதிகாரியின் காகிதம் நினைவிருக்கிறதா? ‘இருதயம் நின்றதால் மரணம்!’ அவன் எழுதியது பொய்யல்ல, கவனியுங்கள். செத்தவன் ஒவ்வொருவனுக்கும் இருதயம் நிற்கத்தான் செய்கிறது. அது உண்மை. ஆனால் பட்டினியை மறைப்பதற்காகச் சொல்லப்பட்ட உண்மை. ஆமை விடாமுயற்சியின் சின்னம் என்பதும் அதே ஜாதி உண்மைதான்.

1939ல் நெருப்பால் செய்ய முடியாததை மார்க்கால் செய்துவிட்டார்கள்!

இந்த அச்சு எங்கிருந்து வந்தது?

வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1930ல் அமெரிக்காவின் தென் மாகாணத்தார் 12 பேர் ஓர் அறிக்கை நூல் வெளியிட்டார்கள். யந்திரத் தொழில் வேண்டாம், தெற்கின் பழைய நில வாழ்வே உயர்ந்தது என்பது அதன் சாரம். அந்தப் பழைய நில வாழ்வு எவர் முதுகின் மேல் நின்றது என்று நீக்ரோ மக்களைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள்! அந்த 12 பேரில் ஜான் குரோ ரான்சம், ராபர்ட் பென் வாரன் போன்ற இலக்கியப் பேராசிரியர்களும் இருந்தார்கள். இவர்களும் இவர்களைச் சேர்ந்தவர்களும்தான் பின்னால் ‘புது விமர்சனம்’ என்ற முறையை வளர்த்தார்கள். வாரனும் கிளியாந்த் புரூக்ஸ் என்பவரும் எழுதிய பாடநூல்கள், கவிதைக்கு 1938லும் கதைக்கு 1943லும் வந்து, கல்லூரி வகுப்புகளைப் பிடித்துக்கொண்டன.

அவர்கள் போதனை என்ன? ஆசிரியன் என்ன நினைத்து எழுதினான் என்று தேடாதே. வாசகனுக்கு என்ன உணர்ச்சி வந்தது என்று கேட்காதே. சரித்திரத்தை வாசலில் விட்டுவிட்டு வா. பக்கத்தில் அச்சான சொல்லை மட்டும் பார்.

இதில் ஒரு நன்மையும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன் இலக்கிய வகுப்பு என்றால் ஆசிரியரின் பிறந்த தேதியும் பாட்டனார் பெயரும்தான். புது முறை வந்த பிறகு, பெரிய வீட்டு நூல்நிலையம் இல்லாத பையனும், ராணுவத்திலிருந்து திரும்பிக் கல்லூரிக்கு வந்த தொழிலாளி மகனும், கையிலுள்ள புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேச முடிந்தது. சொல்லைக் கூர்ந்து படிக்கக் கற்றது லாபம். ஆனால் சொல்லுக்கு வெளியே பார்க்காதே என்று கண்ணுக்கு மூடி போட்டது நஷ்டம். செக்கு மாட்டுக்குப் போடுகிற அதே மூடி.

பிறகு பரீட்சை வந்தது. வியாபாரம் வராமல் இருக்குமா? 1958ல் நெப்ராஸ்கா மாகாணத்தில் மஞ்சளும் கறுப்புமான அட்டை போட்ட ‘கிளிஃப்ஸ் நோட்ஸ்’ பிறந்தது. சுருக்கம், பாத்திரங்கள், சின்னங்கள் எல்லாம் தயார். நாவலைப் படிக்க வேண்டிய தொல்லையும் தீர்ந்தது. 1999ல் ஹார்வார்டு மாணவர்கள் சிலர் அதையே கம்ப்யூட்டர் வழியாகக் கொடுத்தார்கள். இன்று அதே கட்டுரையை யந்திரமே ஒரு நிமிஷத்தில் எழுதித் தள்ளுகிறது. ‘ஐயோ, கல்வி கெட்டதே!’ என்று இப்போது அலறுகிறார்கள். யந்திரத்தைப்போல எழுதத்தானே இத்தனை காலம் பிள்ளைகளைப் பழக்கினீர்கள்? யந்திரமே வந்துவிட்டால் ஏன் திகைக்கிறீர்கள்?

அங்கே கல்லூரிப் பாடத்தைப் பள்ளியிலேயே முடித்துக்கொள்ள ஓர் உயர்தரப் பரீட்சை நடக்கிறது. ஆங்கில இலக்கியத்தில் இரண்டு மணி நேரத்தில் மூன்று கட்டுரை. ஒன்றுக்கு நாற்பது நிமிஷம். 2019ல் வகுத்த முறைப்படி ஒவ்வொன்றுக்கும் ஆறு மார்க்கு. மையக் கருத்துக்கு ஒன்று, சான்றுக்கும் விளக்கத்துக்கும் நான்கு, நுட்பத்துக்கு ஒன்று. மிக நன்று. ஆனால் அந்த ஆறில், சொன்னது நாவலின் இருதயமா, நகமா என்று கேட்கும் மார்க்கு எது? காணோம்.

வாத்தியார்களை நாம் குறை சொல்லவில்லை. கட்டுக் கட்டாகக் கட்டுரை திருத்தி இரவில் கண் விழிப்பவர்கள் அவர்கள். அவர்களும் கூலிக்கு உழைப்பவர்களே. இந்த நாவலைப் பாடத்திலிருந்து எடு என்று மிரட்டியவர்களை எதிர்த்து நின்ற வாத்தியார்களும் உண்டு. நமது சண்டை அச்சோடும் அதை வார்த்தவர்களோடும்தான்.

“நாவல் என்ன கூலிப் பட்டியலா?”

இலக்கிய ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பது தெரியும். ‘ஐந்து சென்ட், இரண்டரை சென்ட் என்று கணக்குப் பார்க்க நாவல் என்ன சம்பளப் பட்டியலா? கலை என்று ஒன்று இல்லையா?’ என்பார்கள்.

கலை இருக்கிறது, ஐயா! அது எங்கே இருக்கிறது என்பதில்தான் தகராறு.

இருபத்தைந்தாம் அத்தியாயத்தைப் பாருங்கள். கலிபோர்னியாவின் வசந்தம். பழம் பழுத்துக் குலுங்குகிறது. விலை கட்டாது என்று ஆரஞ்சைக் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். உருளைக்கிழங்கை ஆற்றில் கொட்டி, யாரும் அள்ளிவிடாதபடி கரையில் காவல் போடுகிறார்கள். பசித்தவர்கள் நின்று பார்க்கிறார்கள். இதற்கு அடுத்தது இருபத்தாறாம் அத்தியாயம். அதில்தான் ஜோட் குடும்பம் பழம் பறிக்கப் போகிறது, பெட்டிக்கு ஐந்து சென்ட் கூலிக்கு!

இந்த இரண்டையும் ஆசிரியர் ஏன் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்? ஒன்றில் நாடு முழுவதன் கதை, மற்றதில் ஒரு குடும்பத்தின் கதை. இப்படி மாற்றி மாற்றி முப்பது அத்தியாயம் கட்டியிருக்கிறார். ஒரு குடும்பத்தின் கஷ்டம் அதன் தலைவிதி அல்ல, ஓர் ஏற்பாட்டின் விளைவு என்று அந்தக் கட்டடமே சொல்கிறது. இதைக் கண்டு எழுதுகிற மாணவன் கலையைத்தான் எழுதுகிறான். கூலிக் கணக்கு கலைக்கு வெளியே இல்லை. நாவலைத் தாங்கி நிற்கும் தூணே அதுதான்.

அந்த ஆமையையும் வேண்டாம் என்று யார் சொன்னது? கொண்டு வாருங்கள். ஆனால் முழுவதும் கொண்டு வாருங்கள். ஆமை தானாகப் புரளவில்லை. லாரிக்காரன் வண்டியைத் திருப்பி வந்து அடித்தான். அடித்தவனை விட்டுவிட்டு, அடிபட்டதன் பொறுமையை மட்டும் புகழ்வது என்ன ஆராய்ச்சி?

நல்ல ஆராய்ச்சிக் கட்டுரை இன்னொன்றும் செய்யும். புத்தகத்தையும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கும். பண்ணையில் அடி வாங்கும் தொழிலாளிக்குச் சட்டம் ஏன் துணை வரவில்லை? நூல்நிலையம் போய்ப் பார்க்கட்டும். 1935ல் அமெரிக்காவில் சங்கம் சேரும் உரிமைக்குச் சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளிகளை அதிலிருந்து விலக்கி வைத்தார்கள். 1938ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதிலும் அவர்களுக்கு இடமில்லை. கூலிச் சட்டத்தில் பெரிய பண்ணைகளின் ஆட்களை 1966ல்தான் சேர்த்தார்கள். 1935ம் வருஷச் சட்டத்தின் கதவு அவர்களுக்கு இன்றும் திறக்கவில்லை. நாவலில் கேஸி ஏன் செத்தான் என்பதற்கு இதுவும் ஒரு சான்று இல்லையா?

ஸ்டைன்பெக்கையும் விட வேண்டாம். கலிபோர்னியா வயல்களில் அதற்கு முன்பே மெக்ஸிகோ, பிலிப்பைன்ஸ், ஜப்பான் நாட்டவர்களும் நமது பஞ்சாபியரும் உழைத்தார்கள். 1933ல் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் பருத்தி எடுப்போர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மெக்ஸிகோக்காரர்கள். கம்யூனிஸ்டுகள் தலைமை தாங்கிய சங்கம் அதை நடத்தியது. நாவலிலோ துன்பப்படுகிறவர்களும் போராடுகிறவர்களும் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களாகவே இருக்கிறார்கள். ‘மற்றவர்கள் எங்கே?’ என்று கேட்கிற மாணவி, எந்த நோட்சிலும் இல்லாத கட்டுரையை எழுதுவாள். அதுவே நுட்பம். ஆறாவது மார்க்கு அவளுக்கே!

ஆராய்ச்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பலமாக வேண்டும் என்கிறோம். ஒன்றைச் சொன்னால் சான்று காட்டு. சொல்லைக் கூர்ந்து பார். எதிர்வாதத்துக்குப் பதில் சொல். கட்டுரை கற்றுத் தருகிற இந்த மூன்றும் நல்ல ஆயுதங்கள். கூலிப் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்த எந்தச் சங்கத் தோழரும் இதை ஒப்புக்கொள்வார். ஆயுதத்தை ஆமை வேட்டைக்கு மட்டும் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

நமக்கென்ன?

‘அமெரிக்கப் பையன் எதையோ எழுதிவிட்டுப் போகட்டும், நமக்கென்ன?’ என்று தறிக்கும் களத்துக்கும் நடுவே இதைப் படிக்கும் தோழர் கேட்கலாம்.

உங்கள் மகளும் மகனும் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறார்கள். சீமையில் எழுதிய நாவலும் அமெரிக்காவில் எழுதிய நாவலும் அவர்கள் மேஜைக்கு வருகின்றன. கூடவே கடை நோட்சும் வருகிறது. அம்மா நாற்று நட்டு வாங்கிய கூலியில் பீஸ் கட்டி, அந்தப் பெண் ‘கிராம வாழ்வின் எளிமை’ என்று நோட்சைப் பார்த்துக் கட்டுரை எழுதுகிறாள். தனக்குத் தெரிந்ததை எழுதக் கூடாது, தெரியாததைத்தான் எழுத வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் பார்த்த பசி ‘சொந்த அனுபவம்’, நோட்சில் பார்த்த ஆமை ‘இலக்கியம்’!

ஆகவே இரவில் அந்தப் பிள்ளை புத்தகத்தோடு உட்காரும்போது, தோழரே, தள்ளிப் போகாதீர்கள். ‘எனக்கு இங்கிலீஷ் தெரியாது’ என்று கூசாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு நாலு கேள்வி கேளுங்கள். இந்தக் கதையில் வேலை செய்வது யார்? கூலி எவ்வளவு, அதற்கு என்ன வாங்க முடிகிறது? நிலமும் யந்திரமும் யாருடையது? செத்தவர்கள் எதனால் செத்ததாகக் காகிதத்தில் எழுதினார்கள், உண்மையில் எதனால் செத்தார்கள்?

இந்த நாலு கேள்விக்கும் புத்தகத்திலிருந்தே சான்று எடுத்து எழுதச் சொல்லுங்கள். எந்தப் பேராசிரியரும் அதைச் சுலபத்தில் அடித்துவிட முடியாது. அப்படியே மார்க்குக் குறைந்தாலும், பிள்ளைக்குக் கண் திறந்திருக்கும்.

கடைசியாக ஒரு சேதி. புத்தகத்தைத் தடை செய்த அதே கெர்ன் ஜில்லாவில் டிலானோ என்றோர் ஊர். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். 1965 செப்டம்பர் 8ம் தேதி அங்கே பிலிப்பைன்ஸ் தொழிலாளிகள் மணிக்கு 1 டாலர் 40 சென்ட் கூலி கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஒரு வாரத்தில் மெக்ஸிகோத் தொழிலாளிகளின் சங்கமும் அவர்களோடு சேர்ந்தது. ஒரு கூட்டத்தைக் காட்டி மற்றக் கூட்டத்தின் கூலியைக் குறைக்கும் பழைய வித்தை இம்முறை பலிக்கவில்லை. நகரத்து ஜனங்கள் அந்தத் திராட்சையை வாங்க மறுத்தார்கள். ஐந்து வருஷம் போராடி, 1970ல் முதலாளிகளை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார்கள்.

நாவலில் மூஞ்சி தெரியாமல் இருந்தவர்கள் அவர்கள். ஆமை எதன் சின்னம் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. கேஸி ஏன் செத்தான் என்று அவர்களுக்குத் தெரியும்.